ஃப்ரேமில் ஏ7 என்று இருந்தால் வண்டி போலியா?

அந்தப் படத்துக்கு அடியில் நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மறுபடியும் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அண்ணனின் கறுப்பு நிற கோல்டன் ஃபிளாஷை, அதாவது பிஎஸ்ஏ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்த பழைய மோட்டார் சைக்கிளை, படம் எடுத்து முகநூலில் போட்டவன் நான். எஞ்சின் எண்ணும் ஃப்ரேம் எண்ணும் தெளிவாகத் தெரியட்டும் என்று நெருக்கப் படங்களைச் சேர்த்துப் போட்டவனும் நான்தான். ஆசையாகப் போட்டேன். அதற்கு நம் நிபுணர் வழங்கிய தீர்ப்பு: எஞ்சினில் ஏ10, ஃப்ரேமில் ஏ7, ஆகவே இது இரண்டு வண்டிகளை ஒட்டுப் போட்டது, யாரோ உங்கள் நண்பர் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அந்தத் தீர்ப்புக்கு விருப்பக்குறி இட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. கவனித்துக்கொண்டேன்.

பொறுமையாகவே சொல்கிறேன். பர்மிங்காமின் ஸ்மால் ஹீத்தில் இருந்த பிஎஸ்ஏ தொழிற்சாலை, 1954 முதல் தன் ஸ்விங்கிங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) கொண்ட இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கு ஒரே ஃப்ரேமைத்தான் போட்டது. 500 சிசி ஏ7 ஆனாலும் சரி, 650 சிசி ஏ10 ஆனாலும் சரி; கோல்டன் ஃபிளாஷ் இந்த ஏ10 வகைதான். ஃப்ரேம் ஒன்று என்பதால் எண் வரிசையும் ஒன்று. அந்த வரிசையில் அவர்கள் அடித்தது ஏ7. சிஏ7, ஈஏ7, எஃப்ஏ7 என்று காலப்போக்கில் முன்னெழுத்து மாறியதே தவிர ஏ7 மாறவில்லை. ஆகவே 1958-ஆம் ஆண்டு கோல்டன் ஃபிளாஷ் என்றால் எஞ்சினில் டிஏ10, ஃப்ரேமில் எஃப்ஏ7. அண்ணனின் வண்டியில் இருப்பது அதுதான். அந்த ஆண்டு வண்டியின் ஃப்ரேமில் ஏ10 என்று இருந்திருந்தால் நானே விளக்கை எடுத்துக்கொண்டு சந்தேகத்தோடு குனிந்திருப்பேன்.

முன்னெழுத்துக்குப் பின்னால் வரும் எண்களும் ஒன்றாக இல்லையே என்று நிபுணர் அடுத்த கருத்தில் கேட்டிருந்தார். ஐயா, 1960-களின் பிற்பகுதி வரை பிஎஸ்ஏ வண்டிகளில் அவை ஒன்றாக இருந்ததே இல்லை. எஞ்சினுக்குத் தனி வரிசை, ஃப்ரேமுக்குத் தனி வரிசை. வேலை முடிந்து வண்டி வாசலைத் தாண்டும்போது எந்த எஞ்சின் எந்த ஃப்ரேமில் போகிறது, எந்தத் தேதியில் எந்த விற்பனையாளருக்குப் போகிறது என்று பேரேட்டில் எழுதி வைத்தார்கள். பொருத்தம் இரும்பில் இல்லை, பேரேட்டில் இருக்கிறது. அந்தப் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. 1946-இல் தொடங்கப்பட்ட விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. கட்டணம் கட்டி எண்களை அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள். அண்ணன் கேட்டார். அவருடைய இரண்டு எண்களும் ஒரே வரியில் இருக்கின்றன. இதற்கு மேல் ஒரு வண்டி என்னதான் செய்ய வேண்டும்? எழுந்து நின்று சத்தியம் செய்ய வேண்டுமா?

நிபுணர் எங்கே வழுக்கினார் என்றும் எனக்குத் தெரியும். அவருடைய பழக்கமெல்லாம் இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனமான ட்ரையம்ஃபின் வண்டிகள். ட்ரையம்ஃப் 650 வண்டிகளில் எஞ்சின் எண்ணும் ஃப்ரேம் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இல்லையென்றால் கேள்வி கேட்பது நியாயம். ட்ரையம்ஃபின் மெரிடன் தொழிற்சாலையின் வழக்கத்தைக் கொண்டுவந்து ஸ்மால் ஹீத் வண்டியின் மேல் வைத்தால் எப்படிப் பொருந்தும்? ஒரு வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு தெருவில் இருக்கும் கதவையெல்லாம் திறந்து பார்த்துவிட்டு, திறக்காத வீடெல்லாம் பொய் வீடு என்கிறார். வின்சென்ட் என்ற மற்றொரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கதை இன்னும் வேடிக்கை. போருக்குப் பிந்தைய வின்சென்ட் இரட்டைச் சிலிண்டர் வண்டியில் ஃப்ரேம் எண், எஞ்சின் எண்ணைவிடச் சரியாக 1900 கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அங்கே பயப்பட வேண்டும்! நம் நிபுணர் அந்த வண்டியைப் பார்த்தால் என்ன தீர்ப்புச் சொல்வாரோ.

எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று தெரியாமல் எண்ணைப் படிக்காதீர்கள். இதை நான் எழுதுவது முதல் தடவை அல்ல. ஆனாலும் எழுதுகிறேன்.

அடுத்து நிறம். கோல்டன் ஃபிளாஷ் என்று பெயர், வண்டி கறுப்பாக இருக்கிறதே என்று ஒருவர் கேலி செய்திருந்தார். அந்த மாடல் புகழ்பெற்றது பழுப்பு கலந்த பொன்னிறத்தில்தான், மறுக்கவில்லை. ஆனால் கறுப்பிலும் வந்தது. தொடக்கத்தில் பொன்னிற வண்டிகளில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போய்விட, உள்நாட்டுக்காரர்களுக்குக் கிடைத்தது கறுப்புதான். அவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் நிறத்துக்கு நேரம் ஒதுக்க மாட்டேன்.

அண்ணன் இந்த வண்டியை வண்டியாக வாங்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. பெட்டிகளாக வாங்கினார். ஒரு கார் ஷெட்டின் மூலையில் கியர்பாக்ஸ் ஒரு பெட்டி, சக்கரங்கள் சாக்குத் துணிக்குள், எஞ்சின் ஒரு பழைய தேநீர்ப் பெட்டிக்குள். விற்றவருக்கே அது என்ன மாடல் என்று உறுதியாகத் தெரியாது. நான் உடன் போயிருந்தேன். எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் இடது பக்கத்தில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, விரல் தடிமனுக்குக் கிரீஸும் மண்ணும் இறுகிக் கிடந்தன. அண்ணன் கம்பித் தூரிகையை எடுக்கவே விடவில்லை. அலுமினியம் மென்மையானது, எண்ணையும் சேர்த்துத் தேய்த்துவிடுவாய் என்றார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். பிறகு சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, டார்ச்சை நேராகக் காட்டாமல் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். வெள்ளைக் கோடுகளாக எண் எழுந்து வந்தது. ஓர் இலக்கம் மட்டும் பக்கத்து இலக்கத்தைவிட ஆழமாக இறங்கி, லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்துத்தான் சிரித்தார். கையால் சுத்தியல் கொண்டு அடித்தவனின் எண் அப்படித்தான் இருக்கும் என்றார்.

அந்த ஒரு மாலையில் நான் கற்றதைக்கூட நம் நிபுணர் இத்தனை ஆண்டுகளில் கற்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆதங்கம் என்றுதான் சொல்கிறேன், கோபம் இல்லை.

சிலர் கேட்பீர்கள்: அப்படியென்றால் போலிகளே இல்லையா? இருக்கின்றன, ஏராளமாக. 1962-63இல் வந்த பிஎஸ்ஏவின் இரட்டைச் சிலிண்டர் ராக்கெட் கோல்ட் ஸ்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தது ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்தான். ஆனால் சாதாரண ஏ10 எஞ்சினையும் ஒற்றைச் சிலிண்டர் கோல்ட் ஸ்டாரின் ஃப்ரேமையும் சேர்த்து அதே பெயரில் விற்றவர்கள் எத்தனையோ பேர். அதைக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் ஃப்ரேமில் வலப்பக்கக் கீழ்க்குழாய், எண்ணெய் பம்புக்கு இடம் விட்டு ஓரிடத்தில் வளைந்து போகும். உண்மையான ராக்கெட் கோல்ட் ஸ்டார் ஃப்ரேமில் அந்த வளைவு கிடையாது, தேவையும் கிடையாது. குனிந்து பார்த்தால் தெரியும். குனிய வேண்டும், அவ்வளவுதான். வின்சென்ட்டின் ரேப்பிட் மாடலின் எஞ்சினுக்குக் கறுப்பு அடித்து, பெரிய ஸ்பீடோமீட்டரை மாட்டி, அதைவிட மதிப்பு மிகுந்த பிளாக் ஷேடோ மாடல் ஆக்குவார்கள். எஞ்சின் எண்ணில் 1-க்குப் பிறகு பி என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் கதை முடிந்தது. ஒற்றைக் கார்புரேட்டர் கொண்ட ட்ரையம்ஃப் டிஆர்6-க்கு இரட்டைக் கார்புரேட்டர் சிலிண்டர் ஹெட்டை மாட்டி போனவில் மாடல் என்பார்கள். அங்கேயும் எஞ்சினில் அடித்த மாடல் எழுத்து காட்டிக்கொடுக்கும். இதில் எதையாவது நம் நிபுணர் செய்தாரா? டேங்கைப் பார்த்தார், இரண்டு எழுத்தைப் பார்த்தார், தீர்ப்பு எழுதினார்.

இன்னொரு வாதம்: எண்ணையே அழித்துவிட்டுப் பேரேட்டுக்குப் பொருத்தமாக வேறு எண்ணை அடிக்க முடியாதா? முடியும். இது கொஞ்சம் கனமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எண்ணை மட்டும் பார்க்காமல் எண் இருக்கும் இடத்தையும் பார்க்கிறோம். அரம் போட்டுத் தேய்த்த இடம் சுற்றியிருக்கும் வார்ப்பைவிடத் தாழ்ந்திருக்கும், அல்லது அளவுக்கு மீறி வழவழப்பாக இருக்கும். எழுத்துருவின் வடிவம் மாறும். இந்தத் தொல்லைக்காகவே ட்ரையம்ஃப் 1969-இலிருந்து எண் அடிக்கும் இடத்தில் தன் சின்னத்தைச் சிறிது சிறிதாகப் பதித்து அதன்மேல் எண்ணை அடித்தது. தேய்த்தால் சின்னமும் போய்விடும். அதே காலத்தில் வந்த ஈரெழுத்துக் குறியீட்டில் முதல் எழுத்து மாதம், அடுத்தது மாடல் ஆண்டு. முதல் எழுத்தாக எஃப் இருந்தால் அங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம், அந்தப் பட்டியலில் எஃப் என்ற எழுத்தே இல்லை. இப்படி ஆயிரம் வழி இருக்கிறது. அண்ணனின் வண்டியில் இவை எதற்கும் இடமில்லை என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

பேரேட்டைப் பார்த்துக் கிளப் தந்த சான்றிதழைக் காட்டிய பிறகு நிபுணர் சொன்னது இது: காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதாவது, எண் பொருந்தாவிட்டால் போலி. பொருந்தும் என்று பேரேடு சொன்னால் பேரேடு போலி. இப்படிப்பட்டவரிடம் ஒரு வண்டி எப்படித்தான் தேறுவது?

ஒரு கருத்துதானே சொன்னார், ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று உள்பெட்டியில் ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு திருகாணியைக்கூடக் கழற்றிய அனுபவம் கிடையாது, ஆகவே விட்டுவிடுகிறேன்.

ஆனால் இதைக் கேளுங்கள். அண்ணன் முகநூலில் எழுதுபவர் அல்ல. அவருடைய மகள் கைப்பேசியில் அந்தக் கருத்துகளைப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் எனக்குப் போன் செய்து, "தம்பி, அந்தப் படத்தை எடுத்துவிடு, எதற்கு வம்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏழெட்டு ஆண்டுகள் ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்தவர். புதிய போல்ட் போட்டால் நிமிடத்தில் முடிகிற இடத்துக்கு, அங்குலத்துக்கு 26 புரி கொண்ட சைக்கிள் த்ரெட் போல்ட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் உடலில் அதைச் செய்த லூகாஸ் நிறுவனம் அடித்த மாதமும் ஆண்டும் வண்டியின் வயதோடு ஒத்துப்போக வேண்டும் என்று கையிலிருந்த நல்ல மேக்னெட்டோவை ஒதுக்கி வைத்தவர். ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் ஸ்பீடோமீட்டரின் முள் வழுக்கிக்கொண்டு ஏறாது, படிப்படியாகத் துள்ளித் துள்ளி ஏறும். அந்தத் துள்ளலுக்காகவே அதைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர். அவருக்குத்தான் "உங்கள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்" என்று பாடம்.

பளபளப்பு வேறு, அசல் வேறு என்பதும் இவர்களுக்குப் புரிவதில்லை. தொழிற்சாலையில்கூட அப்படிப் பூசாத அளவுக்குக் குரோமியம் பூசி, பவுடர் கோட்டிங் அடித்து, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைப் போட்டுக் கண்காட்சியில் நிறுத்தும் வண்டிக்குக் கைதட்டுகிறார்கள். டேங்கின் விளிம்பில் வண்ணம் தேய்ந்து உலோகம் தெரிகிற வண்டியைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிறார்கள். இராணுவத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் போன பிஎஸ்ஏ எம்20 வண்டிகளைப் போர் முடிந்ததும் கறுப்படித்துப் பொதுமக்களுக்கு விற்றார்கள். இன்றைக்கு அதே பொதுமக்களின் வண்டிகளுக்குப் பச்சை அடித்துப் போர்க்களத்துக்குப் போய் வந்தது போல் நிறுத்துகிறார்கள். அங்கே போய் ஒருவரும் பேரேடு கேட்பதில்லை. அங்கே எல்லாரும் தற்படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

டயர் மாறும், செயின் மாறும், பிஸ்டன் மாறும். அறுபது ஆண்டு ஓடிய வண்டியில் இவை மாறாமல் இருந்தால்தான் அதிசயம். அதை மறைக்காமல் சொல்பவரிடம் குறை காண என்ன இருக்கிறது? நார்ட்டன் நிறுவனத்தின் ஃபெதர்பெட் ஃப்ரேமில் ட்ரையம்ஃப் எஞ்சினை ஏற்றிய ட்ரைட்டனை யாரும் போலி என்பதில்லையே. அது ட்ரைட்டன் என்று சொல்லித்தான் நிற்கிறது. அண்ணன் தன் வண்டியில் எதை மாற்றினேன் என்று ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருக்கிறார். பின்னால் வருகிறவன் ஏமாறக்கூடாது என்பதற்காக எழுதுகிறாராம். இவரைத்தான் சந்தேகப்படுகிறீர்கள்.

படத்தை எடுக்க மாட்டேன். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், அவருக்கு என்மேல் வருத்தம்தான். பரவாயில்லை. விலை என்ன, கொடுப்பாரா என்று உள்பெட்டிக்கு வந்துகொண்டிருப்பவர்களுக்கு: விற்பனைக்கு இல்லை. தங்கள் வண்டியோ தாத்தாவின் வண்டியோ என்ன மாடல் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவர்கள், எஞ்சின் எண், ஃப்ரேம் எண் இரண்டையும் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள். எங்கே கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். கம்பித் தூரிகை வேண்டாம். டேங்கை மட்டும் படம் பிடித்து அனுப்பி "இது அசலா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நிபுணரிடம் கேளுங்கள், உடனே சொல்வார்.