தட்டில் அடங்கும் அழற்சி

அக்காவுக்கு முடக்குவாதம். அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை எடுத்துக்கொண்டு ஓரளவு நிம்மதியாக இருந்தார். ‘மஞ்சள் அழற்சியை அடக்குகிறது, ஆய்வில் நிரூபணம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சள் கேப்சூலுக்கு மாறினார். இரண்டு மாதத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, பொத்தான் போடக்கூட முடியவில்லை. அப்புறம்தான் அந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆய்வுகள் பொய்யில்லை. பெரும்பாலும் ரா 264.7 என்ற எலிச் செல்களை ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்கள். அவை மேக்ரோஃபேஜ்கள், கிருமியை விழுங்கும் எதிர்ப்புச் செல்கள். பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் எல்.பி.எஸ். என்ற பொருளைச் சேர்த்ததும், கிருமி வந்துவிட்டதாக எண்ணி நைட்ரிக் ஆக்சைடு, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 என அழற்சியைத் தூண்டும் பொருள்கள் எல்லாவற்றையும் சுரக்கின்றன. மஞ்சளோ இஞ்சியோ, அதன் சாற்றை விட்டால் சுரப்பு குறைகிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள், செல்லுக்குள் அழற்சி மரபணுக்களைத் தூண்டிவிடும் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத்தை முடக்குகிறது. அருமையான வேலைதான்.

ஆனால் தட்டில் சாறு நேராகச் செல்லின் மேலேயே விழுகிறது. நாம் விழுங்குவது குடலையும் கல்லீரலையும் தாண்டியாக வேண்டும். மஞ்சள் பொடியில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி குடலோடு போய்விடும். மிச்சத்தைக் கல்லீரல் சீக்கிரமே மாற்றிக் கழித்துவிடும். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்ததும் இரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. சரி, மிளகு சேர்த்தால் போதுமே என்று தோன்றும். பைப்பரின் தடுப்பது கல்லீரலின் நொதிகளை. வேறு பல மருந்துகளைக் கழிப்பதும் அதே நொதிகள்தான், அதனால் அந்த மருந்துகளும் உடம்பில் தேங்கலாம். மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும், அழற்சியைக் குறைக்கும்’ என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்களே, அதைப் படித்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அழற்சியே எதிர்ப்பு சக்தி வேலை செய்யும் விதம். காயம்பட்ட இடம் சிவந்து வீங்கிச் சுடுவது, மேக்ரோஃபேஜ்கள் மற்ற செல்களைக் கூப்பிட்டு ஆள் சேர்ப்பதால். அக்கா உடம்பில் அந்த சக்தி சொந்த மூட்டையே தாக்குகிறது. அதைக் கூட்டி என்ன செய்ய?

மஞ்சளையும் இஞ்சியையும் சமையலில் தாராளமாகச் சேருங்கள். எடுத்துவரும் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த செய்தி வரும்போது, சோதித்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்று கேளுங்கள். மனிதர் என்றால் எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.

அக்கா பழைய மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். வீக்கம் மெல்ல வடிகிறது. வலது கை மோதிர விரல் மட்டும் இன்னும் முழுதாக மடங்கவில்லை.