மாட்டுத் தொழுவத்தை விட்டுட்டீங்களே!

மிருகங்கள் மனுஷனைத் தாக்குற திகில் படங்களைப் பத்தின உங்க கட்டுரையைப் படிச்சேன். மரபணுச் சோதனை தப்பாப்போய் ஆடுகள் மனுஷனைக் கடிக்கிற நியூசிலாந்துப் படம் 'பிளாக் ஷீப்' (2006) பத்தி இவ்வளவு எழுதிட்டு, மாட்டுப் பண்ணையில நடக்கிற அயர்லாந்துப் படம் 'ஐசொலேஷன்' (2005) பத்தி ஒரு வரிகூட இல்லையே! கடன்ல தவிக்கிற விவசாயி, காசுக்காகத் தன் மாடுகளை மரபணுச் சோதனைக்கு விடறான். சினைமாட்டைப் பார்க்க வந்த மாட்டு டாக்டரம்மா உள்ளே கையை விட்டா, பிறக்காத கன்னு கடிச்சிடுது! அப்புறம் அந்தப் பிரசவக் காட்சி... கன்னு காலில் கயிறு கட்டி இழுக்கிறதை மாடு வளர்த்தவங்களாலேயே பார்க்க முடியாது. ஒரே பண்ணை, சேறு, சாணிக்குழி, நாலஞ்சு நடிகர்கள். கையில காசில்லாததுதான் படத்துக்கே பலம். அதே காசில்லாமதான் 1959ல வந்த 'தி கில்லர் ஷ்ரூஸ்' படத்துல நாய்களுக்கு வேஷம் போட்டு ராட்சத மூஞ்சூறுன்னு ஓடவிட்டாங்க. அது சிரிக்க மட்டும்.