மூணு மணி நேர பஸ்தான், போயிட்டு வாங்க!

ஸ்பெயினில் பார்சிலோனா போனால் அப்படியே பக்கத்து மலைநாடான குட்டி அண்டோராவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், மூன்று மணி நேர பஸ்தான் என்று வீடியோ போடுகிறவர்கள் ஒருவர் விடாமல் சொல்கிறார்கள். உண்மைதான், மூன்று மணி நேரம்தான். விமான நிலையம் இல்லை, ரயில் இல்லை, பஸ்ஸோ காரோதான் கதி என்பது வரை சரியாகச் சொல்கிறார்கள். அதற்கு அப்புறம் சொல்ல வேண்டியதை மட்டும் ஏன் சாமி விழுங்கிவிடுகிறீர்கள்?

அண்டோரா ஷெங்கனில் இல்லை. இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் சிங்கிள் என்ட்ரி ஷெங்கன் விசா வைத்திருப்பவர் அந்த எல்லையைத் தாண்டினால் அவருடைய ஒரே என்ட்ரி அதோடு முடிந்தது. திரும்பி வர ஸ்பெயினுக்குள்ளோ பிரான்சுக்குள்ளோ மறுபடி நுழைந்தாக வேண்டும், வேறு வழியே கிடையாது, சுற்றிலும் அந்த இரண்டு நாடுகள்தான். எங்களோடு வந்த மச்சினனுக்கு சிங்கிள் என்ட்ரி. முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு, ஓட்டல் அறையில் டிக்கெட்டையும் விசாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டிக்கெட் காசு போச்சு. "எல்லையில எவன் பார்க்கப் போறான், வா" என்று கூப்பிட்டதும் நான்தான், நல்லவேளை அவன் கேட்கவில்லை. திரும்பும்போது எல்லையில் ஸ்பெயினின் சுங்கச் சோதனைச் சாவடியில் இரண்டு பேர் பஸ்ஸில் ஏறி என் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். எல்லா நாளும் பார்க்க மாட்டார்களாம். நாங்கள் போன அன்று பார்த்தார்கள்.

அடுத்தது போன். அங்கே காபிக்கும் யூரோ, பஸ்ஸுக்கும் யூரோ. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் என்றே நினைத்துவிடுகிறோம். கிடையாது! ஒப்பந்தம் போட்டு யூரோவைப் புழங்குகிறார்கள், அவ்வளவுதான். ஒன்றியத்துக்குள் செல்லுபடியாகும் இலவச ரோமிங் அங்கே செல்லாது. எல்லைக்கு முன்னால் வரும் லா சேயு துர்ஜெல் என்ற ஸ்பெயின் ஊரைத் தாண்டியதுமே டேட்டா ரோமிங்கை அணைத்திருக்க வேண்டும். என் மனைவி என்ன செய்தாள், அம்மாவுக்கு மலையைக் காட்டுகிறேன் என்று வீடியோ கால் போட்டாள். நாலு நிமிஷம் இருக்குமா? அத்தை "பனியா அது, உப்பு மாதிரி இருக்கே" என்று சொல்லி முடிப்பதற்குள் கட். சிம்மில் இருந்த இருபது யூரோவும் காலி. எல்லாம் போன பிறகு சாவகாசமாக ஒரு எச்சரிக்கை மெசேஜ்.

பிரான்ஸ் அதிபரும் ஸ்பெயினில் இருக்கும் உர்ஜெல் ஆயரும் (பிஷப்) இந்த நாட்டுக்கு இரண்டு இளவரசர்கள் என்பதை மட்டும் எல்லா வீடியோவிலும் ஒப்பிக்கிறார்கள். அந்த இளவரசர்களா வந்து எனக்கு ரீசார்ஜ் பண்ணப் போகிறார்கள்?

ஷாப்பிங் சொர்க்கம் என்பார்கள். விற்பனை வரி 4.5 சதவீதம்தான், விலை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரி கட்டாமல் வெளியே கொண்டுவர அளவு உண்டு: ஆளுக்கு 300 சிகரெட், பொருள் என்றால் 900 யூரோ வரை. எனக்கு முன்சீட்டுக்காரர் பெட்டியை இறக்கித் திறக்கச் சொல்லி, சிகரெட் பாக்கெட்டுகளை மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்கள். பஸ் முழுக்க முக்கால் மணி நேரம் காத்துக் கிடந்தோம்.

மச்சினன் இன்னும் கேட்கிறான், "அப்படி என்னதான் மாமா இருந்தது அங்கே?" என்று. காட்டலாம் என்றால் போட்டோவில் பாதி அந்தச் சுங்கச் சோதனைச் சாவடிதான்.