அடுக்கு என்றால் சிரிப்பு வருகிறதா?

அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் மறுபடி பகிரவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அந்த மாணவி, கணினியில் தரவை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்தே எடுக்கும் ‘ஸ்டாக்’ என்பதை ‘அடுக்கு’ என்று சொன்னதும், முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் “என்னம்மா, சட்டி பானை அடுக்கப் போறியா?” என்கிறார். மண்டபமே சிரிக்கிறது. கீழே கருத்துப் பெட்டியில் இன்னும் மோசம்.

அவள் சொன்னது சரி. ‘அடுக்கு’ சரியான சொல்.

ஐயா, நீங்கள் குடியிருப்பது அடுக்குமாடி. அப்போது சிரிப்பு வரவில்லை. மேடையில் நீங்கள் பொழிவது அடுக்குமொழி, அதற்குக் கைதட்டல் வேறு. ஒரு பிள்ளை அதே சொல்லைக் கணினிக்குள் கொண்டுபோனால் மட்டும் சட்டி பானை ஞாபகம் வருகிறது.

சரி, ஆங்கிலச் சொல் என்ன வானத்திலிருந்து குதித்ததா? பழைய நார்ஸ் மொழியில் அது வைக்கோல் போர். அப்புறம் விறகுக்கும் புத்தகத்துக்கும் புகைபோக்கிக்கும் ஆகி, கடைசியில்தான் கணினிக்கு வந்தது. கணினியிலும் முதலில் அந்தப் பெயர் இல்லை. 1946இல் கணினித் துறை முன்னோடி ஆலன் டூரிங் இதே வேலையைப் ‘புதைப்பது’, ‘தோண்டி எடுப்பது’ என்ற பொருள்படும் சொற்களால் எழுதினார். ஜெர்மனியில் கணினி அறிஞர்கள் பாவரும் சமெல்சனும் 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது வைத்த பெயர் ‘கெல்லர்’, அதாவது நிலவறை. அவர்களிடம் யாரும் “வெங்காயம் வைக்கப் போறீங்களா?” என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே மலேசியாவிலேயே பாருங்கள். மலாய் மொழியில் இதற்குத் ‘திண்டானான்’ என்று பெயர், பல்கலைக்கழகத்தில் பாடமே நடக்கிறது. மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா 1956லிருந்து சொல் உருவாக்கிக்கொண்டிருக்கிறது. யாரும் சிரிப்பதில்லை. நம் ஆள்கூடச் சிரிப்பதில்லை, தேர்வில் எழுதிவிட்டு வருகிறார். தமிழில் சொன்னால் மட்டும் கிச்சுகிச்சு மூட்டுகிறது.

என் அக்கா மகள் முதலாம் ஆண்டு படித்தபோது ஒருநாள் இரவு அழுதுகொண்டே போன் செய்தாள். ஸ்டாக், ஹீப், இரண்டும் நினைவகம்தான், இரண்டுமே குவித்து வைப்பதுதான், அப்புறம் என்ன வித்தியாசம் மாமா என்றாள். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட நாற்காலியைச் சொன்னேன். கடைசியாகப் போட்டதுதான் முதலில் வரும், நடுவிலிருந்து உருவ முடியாது. நிரலில் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இன்னொன்றை அழைக்கும்போது திரும்பிவர வேண்டிய இடம் இப்படித்தான் மேலே மேலே ஏறும். கடைசியாக அழைக்கப்பட்டது முடிந்தால்தான் அதற்கு முந்தையது தொடரும். இது அடுக்கு. ஹீப்பில் அந்த வரிசை கிடையாது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வாங்கிக்கொள்வது, எப்போது வேண்டுமோ அப்போது விடுவது. அது குவியல். “அடுக்குறதும் குவிக்கிறதும் ஒண்ணா மாமா, இதை ஏன் யாரும் சொல்லல?” என்றாள். அவ்வளவுதான், தூங்கப் போய்விட்டாள்.

“வேலைக்கு ஆங்கிலம் வேண்டாமா?” என்று வருவீர்கள். வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் அதில்தான் சம்பாதிக்கிறேன். புரிந்துகொள்வதற்கும் அதுவேதான் வேண்டும் என்று யார் சொன்னது? “அப்போ ஃபுல் ஸ்டாக் டெவலப்பருக்குத் தமிழ் சொல்லு” என்று, இணையதளத்தின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எழுதும் நிரலாளரின் பெயரைச் சொல்லி ஒருவர் மார்தட்டுகிறார். அதை ஃபுல் ஸ்டாக் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. தூய தமிழ் வெறியன் என்கிறார் இன்னொருவர். இந்தப் பதிவிலேயே எத்தனை ஆங்கிலம் என்று எண்ணிவிட்டு வாருங்கள் அண்ணே.

உண்மையில் எரிச்சல் சொல்லைப் பற்றியதே இல்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை என்றால் பொங்கலுக்குக் கோலாட்டம் ஆட வேண்டும், திருக்குறள் ஒப்பிக்க வேண்டும், பெரியவர்களுக்கு மாலை போட வேண்டும். அறிவியல் பேசினால் அதிகப்பிரசங்கி. இப்படிச் சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார்கள்? கேட்டால் “அது எங்க குடும்ப விஷயம்” என்பார்கள். சரி, உங்கள் குடும்ப விஷயம். அந்தப் பிள்ளையின் தமிழ் மட்டும் எப்படி ஊர் விஷயம் ஆனது?

நானும் தமிழ்ப்பள்ளிதான். அலுவலகத்தில் “நீயா தமிழ்ப்பள்ளி?” என்று கண்ணை விரித்தவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்தான். சீனரோ மலாய்க்காரரோ ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மாணவியிடம் மன்னிப்பு கேட்கச் சொன்னால் “நகைச்சுவைக்குச் சொன்னேன்” என்கிறார் அந்தப் பெரியவர். நகைச்சுவை வேண்டுமென்றால் கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது, என்னிடம் அடியுங்கள். நான் பதில் சொல்வேன்.