பழைய போர்டில் புது கார்டு ஓடும்

மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டைக் கணினியோடு இணைக்கும் ஸ்லாட் முறை) உள்ள மதர்போர்டில் நான்காம் தலைமுறை கிராபிக்ஸ் கார்டு ஓடாது, போர்டையும் மாற்ற வேண்டும் என்று அண்ணன் ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். அப்படியில்லை அண்ணே. இரண்டு தலைமுறைக்கும் ஸ்லாட் ஒரே மாதிரிதான், கார்டு போர்டின் வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். 16 லேன் (தரவு போகும் பாதை) உள்ள கார்டுக்கு நொடிக்குச் சுமார் 32 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி. விளையாடும்போது பெரும்பாலும் தெரியாது. 4 லேன் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்றவற்றில்தான் அடி விழும்.

சந்தேகமிருந்தால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ வரியைப் பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது 1.1, அதாவது முதல் தலைமுறை வேகம், என்று காட்டலாம் (நானும் முதலில் பதறினேன்). பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டால் 3.0க்கு ஏறிவிடும். கோலாலம்பூரின் லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் வாங்குகிறவர்கள், போர்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.