குடியிருப்போர் எண்ணிக்கையும் வாக்காளர் எண்ணிக்கையும்

திருவொற்றியூர், இராயபுரம் பகுதிகளில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெருகிவிட்டதால், வடசென்னையில் இனி எந்தக் கட்சி வெல்லும் என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்; சௌகார்பேட்டையை அதற்கு உதாரணமாகவும் சொல்கிறார். தொழிலாளர் வருகையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரில் வந்து தங்குவதனால் மட்டும் ஒருவர் அங்கே வாக்காளர் ஆகிவிடுவதில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, 18 வயது நிறைந்து, ஒரு தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கும் குடிமகன் அங்கே பெயர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளின் பட்டியலில் இருக்க முடியாது. ஆகவே, சொந்த ஊரிலேயே பெயரை வைத்திருக்கும் தொழிலாளி எத்தனை ஆண்டு இங்கே உழைத்தாலும், இங்குள்ள முடிவில் அவருடைய வாக்கு சேராது. முறைப்படி பெயரை மாற்றிக்கொண்டவருக்கோ நம் எல்லோருக்கும் உள்ள அதே உரிமை உண்டு, அதில் குறை காண ஏதுமில்லை.

இதைச் சரிபார்க்க யாருடைய சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் வாரியாக, அதாவது வாக்குச்சாவடிப் பகுதி வாரியாக, வாக்காளர் பட்டியல் கிடைக்கிறது. உங்கள் தெரு அடங்கிய பாகத்தைத் திறந்து பார்க்கலாம். வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைத் தரும் படிவம் 20 அதே தளத்தில் இருக்கிறது. இரண்டு தேர்தல்களின் படிவங்களை ஒப்பிடும்போது, சாவடி எல்லைகள் இடையில் மாறியிருக்கின்றனவா என்பதை மட்டும் முதலில் கவனியுங்கள். நண்பர் உதாரணமாகச் சொன்ன சௌகார்பேட்டையோ வடசென்னை மக்களவைத் தொகுதியில் இல்லை; அது துறைமுகம் சட்டமன்றத் தொகுதி வழியாக மத்திய சென்னை மக்களவைத் தொகுதியில் வருகிறது.