பள்ளத்தைப் பற்றிக் கேட்க எனக்கும் உரிமை உண்டு

எங்கள் தெருமுனைப் பள்ளத்தைப் படமெடுத்து நான் இட்ட பதிவின் கீழே நடந்ததை நண்பர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். "சாலை வரி கட்டாமல் பச்சை நம்பர் பிளேட்டில் ஓசியில் ஓடுகிறவர்களுக்கு ரோட்டைப் பற்றிப் பேச என்ன உரிமை?" என்று ஒருவர் எழுத, நான் பல ஆண்டுகளாக அறிந்தவர்களும் அதற்கு விருப்பக்குறி இட்டிருந்தார்கள். என் ஸ்கூட்டர் மின்சாரத்தில் ஓடுவது; பச்சைப் பலகை அதற்குத்தான். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

மின் வண்டி வைத்திருப்பவர்கள் சாலைப் பராமரிப்புக்குப் பணம் தர வேண்டுமா என்று கேட்டால், தர வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் ஒவ்வொரு வண்டியும் தன் எடைக்கும் ஓடும் தூரத்துக்கும் ஏற்பத் தர வேண்டும். சாலையை உடைப்பது எடை. வண்டி பெட்ரோலில் ஓடுகிறதா மின்சாரத்தில் ஓடுகிறதா என்பது தாருக்குத் தெரியாது.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சோதனைக்கென்றே சாலைகள் போட்டு, இரண்டு ஆண்டுகள் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். சக்கர அச்சின் மீதுள்ள சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று அதில் தெரியவந்தது. சாலைப் பொறியாளர்கள் இன்றும் கையாளும் கணக்கு அது. நான் ஏறி அமர்ந்தபின் என் ஸ்கூட்டரின் ஓர் அச்சில் விழும் சுமை சுமார் நூறு கிலோ. லாரியின் அச்சில் பத்து டன், அதாவது நூறு மடங்கு. அந்தக் கணக்குப்படி சேதம் பத்துக் கோடி மடங்கு. 2018இல் மத்திய அரசு லாரிகளின் ஓர் அச்சுக்கான சுமை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியபோது, சாலைக்கு என்ன ஆகும் என்று இந்த நண்பர்களில் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. லாரி ஓட்டுநர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நம் வீட்டு அரிசியும் அதில்தான் வருகிறது. கணக்கு கேட்பதென்றால் எல்லோரிடமும் கேளுங்கள் என்கிறேன்.

"பெட்ரோல் போடுகிறவன் லிட்டருக்கு லிட்டர் சாலைக்குக் கட்டுகிறானே" என்பீர்கள். உண்மைதான். 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் பெட்ரோலில் சாலை, உள்கட்டமைப்பு மேல்வரி லிட்டருக்கு 5 ரூபாய். நான் மாதம் ஓட்டுவது ஐந்நூறு கிலோமீட்டர். லிட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் என்று வைத்தால் பதினோரு லிட்டர், ஐம்பத்தைந்து ரூபாய். நாளைக்கே கேளுங்கள், தருகிறேன். ஆனால் அந்த மேல்வரி சாலைக்கு மட்டும் போவதில்லை. 2018 சட்டத் திருத்தத்துக்குப் பின் ரயில்பாதை, நீர்வழி போன்றவற்றுக்கும் அதைச் செலவிடலாம். எங்கள் தெருவைப் பராமரிக்க வேண்டியது மாநகராட்சி. 2022இல் உயர்த்தப்பட்ட சொத்து வரியை ஒவ்வோர் அரையாண்டும் தவறாமல் கட்டுகிறேன். அப்படியிருக்க, "ஓசி" என்ற சொல்லை எதை வைத்து எழுதினீர்கள்?

வண்டி வாங்கும்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரியில் விலக்குப் பெற்றேன் என்பதை மறைக்கவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள பெட்ரோல் ஸ்கூட்டருக்குத் தமிழ்நாட்டில் 12 சதவீதம் கட்ட வேண்டும். எனக்கு அது மிச்சமானது. ஆனால் அது நான் கெஞ்சி வாங்கிய சலுகை அன்று. புகை குறைய வேண்டும் என்று அரசே கொள்கை வகுத்து அழைத்தது. அதை நம்பி, நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி இது.

நியூசிலாந்தைப் பார் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பார்த்தேன். 2024 ஏப்ரல் முதல் அங்கே மின் கார்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர் கட்டணம். ஆனால் அங்கே டீசல் வண்டிகள் 1978 முதலே தூரத்துக்குக் கட்டணம் செலுத்துகின்றன. கனரக வண்டிகள் எடைக்கேற்பக் கூடுதலாகச் செலுத்துகின்றன. நான் கேட்பதும் அதைத்தானே? பேட்டரியால் மின் கார்களின் எடை கூடுகிறது என்றால், அவையும் அதற்கேற்பக் கட்டட்டும். கர்நாடகத்தில் 2024இல் 25 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள மின் கார்களுக்கு 10 சதவீத வரி கொண்டுவந்தார்கள். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

இவ்வளவும் கணக்கு. மனம் ஆறாததற்குக் காரணம் வேறு. போன ஐப்பசி மழையில் இதே பள்ளத்தில்தான் மகளோடு விழுந்தேன். குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். மேலே தண்ணீர் நின்றதால் ஆழம் தெரியவில்லை. அவள் முழங்கையில் ஏழு தையல். ஓடிவந்து தூக்கிய ஆட்டோக்காரர் அவளைத்தான் முதலில் தூக்கினார். என் வண்டியின் பலகை என்ன நிறம் என்று அவர் பார்க்கவில்லை. இது விருப்பக்குறி இட்ட சிலருக்கும் தெரியும். மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்கள் அவர்கள்.

கட்டணம் வேண்டும், வேண்டாம் என்று என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடுங்கள். அந்த ஒரு வாசகத்தை மட்டும் எழுதியவர் நீக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இரவில் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று நேற்று யாரோ அதில் ஒரு வேப்பங்கிளையை நட்டு வைத்திருக்கிறார்கள்.